கட்சிகளின் செய்தியும் ஊரின் செய்தியும்

ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு தொலைக்காட்சி உயரத்திலிருந்து படம் பிடித்து ஜனசமுத்திரம் என்று வர்ணிக்க, மற்றொரு தொலைக்காட்சி அதே கூட்டத்தின் பின்வரிசையில் காலியாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தேடிப்பிடித்துக் காட்ட, மூன்றாவது தொலைக்காட்சி அப்படியொரு கூட்டம் நடந்ததாகவே பிரஸ்தாபிக்காமல் விட்டுவிட, இம்மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து உண்மை இன்னதாக இருக்கலாம் என்று தாமாகவே ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலைமைக்குத் தமிழ்நாட்டின் சாதாரண வாசகர் வந்து சேர்ந்து வெகுகாலமாகிறது. விருதுநகரிலும் சாத்தூரிலும் திருத்தங்கலிலும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள், செய்தி என்ன என்று பார்ப்பதற்கு முன்பே அது யாருடைய பேப்பர் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய சலிப்பு முற்றிலும் நியாயமானது. ஆயினும், எதிரெதிர்க் கட்சிகளைச் சார்ந்த இரண்டு பத்திரிகைகளைப் படித்தால் ஒருவாறு கண்டுகொள்ளக்கூடிய பட்சபாதம் ஒன்று உண்டு. எத்தனை பத்திரிகைகளைப் படித்தாலும் கண்டுகொள்ள முடியாத பட்சபாதம் வேறொன்று உண்டு. இந்த இரண்டாவதைக் குறித்தே நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஏனெனில் அதன் பாரம் முழுவதும் எங்கள் பட்டாசு வட்டாரத்தின் தலையில் விடிகிறது.

கட்சிப் பத்திரிகை என்றாலே இழிவானது என்று ஒதுக்குவது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதி. நீதிக்கட்சியார் 1917-இல் ‘திராவிடன்’ நடத்தத் தொடங்கியதும், பெரியார் 1925-இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வெளியிட்டதும், அன்றைய பிரபல பத்திரிகைகளில் தங்கள் தரப்புக்கு இடமில்லை என்ற உள்ளக் குமுறலால்தான். சுயமரியாதை இயக்கத்தின் மாகாண மாநாடு 1931-இல் விருதுநகரில் கூடியது. அந்த இயக்கத்துக்கென்று சொந்தப் பத்திரிகை இல்லாதிருந்தால், அதன் சேதி இந்தக் கரிசல் சீமையின் கிராமங்களுக்கு எந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் 1942-இல் அண்ணாவின் ‘திராவிட நாடு’ம் கலைஞரின் ‘முரசொலி’யும், 1963-இல் பொதுவுடைமையாளர்களின் ‘தீக்கதி’ரும் தோன்றின. இவை எல்லாவற்றிலும் ஒரு நேர்மை இருந்தது. தாங்கள் யார், எவருக்காகப் பேசுகிறோம் என்பதை அவை மறைக்கவில்லை. வாங்கிப் படித்தவரும் தெரிந்தே வாங்கினார். மாற்றுக் கட்சிக்காரர் தெரிந்தே மறுத்தார்.

தொலைக்காட்சி வந்த பிறகு இந்த நேர்மை மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர், 2010-இல் கேப்டன், 2018-இல் நியூஸ் ஜெ என்று ஒவ்வொரு பெரிய கட்சியின் நிழலிலும் ஓர் அலைவரிசை வளர்ந்தது. இவற்றுக்கு அப்பால், பெரும் வியாபார நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களை நடத்துவோரும் செய்தித் தொலைக்காட்சிகளைத் தொடங்கினர். இவை அனைத்தும் வீட்டின் நடுக்கூடத்தில், பொதுச் செய்தி என்ற பெயரிலேயே பேசுகின்றன. உடைமையாளரின் அரசியல் தொடர்பு ஊரறிந்த ரகசியமாக இருக்கிறதே ஒழிய, திரையின் எந்த மூலையிலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

பத்திரிகை, கட்சி, குடும்பம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் விளைவது என்ன என்பதை மதுரை 2007-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி கண்டது. திராவிட முன்னேற்றக் கழகத் தலைவரின் அரசியல் வாரிசு யார் என்பது பற்றி, அவருடைய உறவினர்கள் நடத்திய ‘தினகரன்’ ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட, அதனால் ஆத்திரமடைந்த கும்பல் அப்பத்திரிகையின் மதுரை அலுவலகத்தில் பெட்ரோல் குண்டு வீசித் தீ வைத்தது. குடும்பத்துக்குள் மூண்ட அந்தப் பெரிய இடத்துப் பிணக்கு பிற்காலத்தில் சமாதானமாயிற்று. உயிரிழந்த மூன்று ஊழியர்கள் திரும்பி வரவில்லை. அந்த வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்ல 2019-ஆம் ஆண்டு ஆயிற்று.

ஆட்சியாளர்களின் நெருக்குதலையும் இங்கே குறிப்பிடாமல் போவது தர்மமாகாது. ஒரு கேலிச்சித்திரத்துக்காக 1987-இல் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பாலசுப்பிரமணியனையும், தலையங்கத்துக்காகவும் செய்திகளுக்காகவும் 2003-இல் ‘தி இந்து’ பத்திரிகையினரையும், அத்தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக ‘முரசொலி’ ஆசிரியரையும் சிறைக்கு அனுப்பச் சட்டமன்றமே தீர்மானம் செய்த மாநிலம் இது. சர்க்கார் விளம்பரம், கேபிள் இணைப்பு ஆகிய சாதனங்களால், சிறைக்கதவைத் திறவாமலே ஒரு பத்திரிகையை வழிக்குக் கொண்டுவரும் வித்தையை எல்லாக் கட்சியினரும் அறிவார்கள். ஆகவே, பட்சபாதம் முழுவதும் பத்திரிகைக்காரர்களின் மனக்கோணலால் மட்டுமே விளைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சர்க்காரும் நிர்ப்பந்திக்காத இடத்திலும் விடுபட்டுப் போகிற செய்திகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பத்திரிகை உலகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2024-ஆம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் விருதுநகர் தொகுதியை எல்லாப் பத்திரிகைகளும் நட்சத்திரத் தொகுதி என்று வர்ணித்தன. காங்கிரஸின் மாணிக்கம் தாகூரை எதிர்த்துப் பாரதிய ஜனதாவின் சார்பில் நடிகை ராதிகா சரத்குமாரும், அ.தி.மு.க. கூட்டணியில் தே.மு.தி.க. சார்பில் மறைந்த விஜயகாந்தின் புதல்வர் விஜய பிரபாகரனும் நின்றார்கள். வேட்பாளரின் வாகனம் எந்தத் தெருவில் நுழைந்தது, எவருக்கு ஆரத்தி எடுக்கப்பட்டது, எவர் எந்தக் கடையில் தேநீர் போட்டுக் கொடுத்தார் என்பன நாள்தோறும் விஸ்தாரமாகச் சொல்லப்பட்டன. வாக்கு எண்ணிக்கைக்கு முன்பாக விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் ராதிகாவின் வெற்றிக்காக அவர் கணவர் அங்கப்பிரதட்சணம் செய்தபோது, அக்காட்சி தமிழ்நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. பக்தி அவரவர் உரிமை. அதைக் குறை கூற எவருக்கும் பாத்தியதை இல்லை. செய்தி ஆசிரியர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் இருக்கிறது.

அந்தத் தேர்தலின் இரு கரைகளிலும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேர் மாண்டார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதி வாக்குப்பதிவு. ஜூன் 4-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. இவ்விரண்டுக்கும் இடையே, மே 9-ஆம் தேதி, சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் மற்றோர் ஆலை வெடித்து, அன்றே எட்டு உயிர்கள் போயின. வேட்பாளர்களின் பெயர்கள் வாக்குப்பதிவு இயந்திரத்துக்குள் பத்திரமாக இருக்க, அவர்கள் பிரதிநிதியாக விரும்பிய தொகுதியில் தொழிலாளிகள் கரிக்கட்டையானார்கள். அந்த வேட்பாளர்கள் எல்லோரும் அந்த நாளிலேயே, எந்த ஊரில் இருந்தாலும், இது ஏன் மீண்டும் மீண்டும் நடக்கிறது, தாங்கள் வென்றால் எந்தச் சட்டத்தைத் திருத்துவார்கள், எந்த அதிகாரியைக் கேள்வி கேட்பார்கள் என்று விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆரத்தித் தட்டுக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்த விசாரணைக்குக் கிடைக்கவில்லை.

வெடிவிபத்துச் செய்தி எழுதப்படும் முறை எங்கள் ஜனங்களுக்கு மனப்பாடம். மருந்துக் கலவை செய்யும்போது உராய்வு ஏற்பட்டது, அறைகள் தரைமட்டமாயின, இத்தனை பேர் பலி, போர்மேன் கைது, உரிமையாளருக்கு வலைவீச்சு, முதலமைச்சர் இரங்கல், நிவாரணம், எதிர்க்கட்சித் தலைவர் கண்டனம். ஆளுங்கட்சியைச் சார்ந்த தொலைக்காட்சி நிவாரணத்தை முதலில் வாசிக்கிறது; எதிர்க்கட்சியைச் சார்ந்த தொலைக்காட்சி கண்டனத்தை முதலில் வாசிக்கிறது; மறுநாள் இரண்டுமே வேறு விஷயத்துக்குப் போய்விடுகின்றன. வாசிக்கும் வரிசையில் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் நாம் பட்சபாதம் என்று கோபித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த இரண்டு செய்திகளிலும் ஒருங்கே விடுபட்டுப் போவதைக் கவனிப்பதில்லை. ஓர் அறைக்குள் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்று வெடிபொருள் விதிகள் திட்டமாக வரையறுத்திருக்க, அன்று அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? உரிமம் யாருடைய பெயரில்? ஆலையை நடத்தியவர் அவர்தானா, அல்லது அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா? கடைசியாகச் சோதனைக்கு வந்த அதிகாரி யார், அவர் எழுதி வைத்துவிட்டுப் போனது என்ன?

இக்கேள்விகள் விடுபடுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வட்டாரத்தில் நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். முதல் இரண்டும் மத்திய சர்க்காரைச் சேர்ந்த பெசோ என்னும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை கொடுப்பவை. மூன்றாவது மாநில சர்க்காரின் மாவட்ட வருவாய் அலுவலர் கொடுப்பது. இவற்றுக்கு மேல், தொழிற்சாலைகளைச் சோதிக்கும் பொறுப்பு மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு இருக்கிறது. ஆகவே, ஒரு விபத்தின் வேரைத் தோண்டத் தொடங்கினால் கடப்பாரை எந்தப் பக்கம் இடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டில்லியிலும் இடிக்கலாம், சென்னையிலும் இடிக்கலாம், ஒரே சமயத்தில் இரண்டிலும் இடிக்கலாம். முந்தைய ஆட்சியில் கொடுத்த உரிமத்தை இந்த ஆட்சியில் புதுப்பித்திருப்பார்கள். யாருக்கேனும் அனுகூலமாகவோ பிரதிகூலமாகவோ திருப்பிவிட முடியாத விஷயத்தில் கட்சிச் சார்புள்ள ஊடகத்துக்கு ருசி ஏற்படுவதில்லை. கட்சிகள் சண்டையிடும் விஷயங்களைப் பற்றியே அது பேசும். அவை சேர்ந்தாற்போல் மௌனம் சாதிக்கும் விஷயங்களில் அதுவும் மௌனம் சாதிக்கும். எதிரெதிரான இரண்டு பத்திரிகைகளை வாங்கிப் படிக்கிற வாசகரும் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான்.

பட்டாசு வழக்கிலும் இதையே கண்டோம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரண்டு மணி நேரமே பட்டாசு வெடிக்கலாம் என்றும், சரவெடி கூடாது என்றும், பேரியம் உப்புச் சேர்க்கக் கூடாது என்றும், மாசு குறைந்த பசுமைப் பட்டாசையே தயாரிக்கலாம் என்றும் ஆணையிட்டது. டில்லித் தொலைக்காட்சிகள் பலவற்றில் சிவகாசி என்பது தலைநகரத்தின் புகைமூட்டத்துக்கு ஒரு மூலகாரணமாக மட்டும் தோன்றியது. இங்குள்ள தொலைக்காட்சிகளில், தொழிலைக் காப்பாற்றுவோம் என்று எல்லாக் கட்சிப் பேச்சாளர்களும் போட்டி போட்டுக்கொண்டு சபதம் செய்தார்கள். கம்பி மத்தாப்பு முதலிய ரகங்களில் பேரியம் நைட்ரேட் எதற்காகச் சேர்கிறது, அதற்கு மாற்று என்ன, சரவெடி நின்றால் முதலில் வேலை இழப்பது யார் என்பவற்றை நிதானமாக எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே. முதலில் வேலை இழந்தவர்கள், ஆலையிலும் கிராமத்திலும் உட்கார்ந்து சரம் பின்னி, பின்னிய அளவுக்குக் கூலி வாங்கிய பெண்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ள ஜில்லாவில், அந்த ஆண்டு தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. விடியற்காலையில் ஆலை வேன்கள் வராத கிராமச் சாவடிகளில், விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பொடியின் வெள்ளிச் சாயம் இன்னும் போகாத பெண்கள், நூறு நாள் வேலைக்கு அட்டை எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் டில்லியின் வில்லன்களும் அல்லர். சென்னைப் பேச்சாளர்களின் பதாகைகளும் அல்லர். சுத்தமான காற்றும் வேண்டும், பிழைப்பும் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடிய விவேகம் அவர்களுக்கு இருந்தது. அதைக் கேட்பதற்கு ஒலிவாங்கி நீளவில்லை.

பத்திரிகை தன் கடமையைச் செய்தால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் உயிரிழந்தபோது, பத்திரிகைச் செய்தியின் அடிப்படையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உள்குத்தகை என்னும் புரையோடிய புண் அதனால் பகிரங்கமாயிற்று; இறந்தோர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒருநாள் செய்தியே இவ்வளவு செய்யுமானால், ஓர் ஆண்டு முழுவதும் விடாமல் பின்தொடரும் செய்தி எவ்வளவு செய்யும்!

ஜனங்கள் கேட்பதைத்தான் தருகிறோம், நட்சத்திரங்களைக் காட்டினால்தான் பார்க்கிறார்கள் என்று ஊடகத்தார் சமாதானம் சொல்லக்கூடும். இந்த ஜில்லாவின் வாக்காளர்களை அறிந்தவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். விருதுநகர் மண்ணில் பிறந்து, மாநிலத்துக்கு முதலமைச்சராகவும் காங்கிரஸ் மகாசபைக்கு அகில இந்தியத் தலைவராகவும் விளங்கிய காமராஜரையே 1967-இல் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து, பெ.சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இவர்கள். அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் இங்கே திண்ணைகளில் தர்க்கம் நடக்கிறது. ஆனால் பெரிய பெயருக்கு மயங்கி வாக்களித்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 2024-இலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த தொகுதியில் 4,379 வாக்கு வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானித்தது. இவ்வளவு நுட்பமாக எடை போடுகிற ஜனங்களுக்கு, எடை போடுவதற்கு வேண்டிய விவரங்களைக் கொடுக்காமல் வேடிக்கையை மட்டும் கொடுப்பது அவர்களுடைய அறிவை அவமதிப்பதாகும்.

சிவகாசியில் தேர்தல் காலத்தில் ஆப்செட் அச்சகத்துக்குள் போய்ப் பார்த்தால், மேடையில் ஒருவரையொருவர் நிந்தித்துக்கொள்ளும் தலைவர்களின் முகங்கள் ஒரே இயந்திரத்திலிருந்து, அடுத்தடுத்த வேளையில் வந்து விழுவதைக் காணலாம். இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளிக்கும் சொந்தமாக ஒரு கட்சி இருக்கும், வாக்கும் இருக்கும். ஆயினும், எந்தக் கட்சியின் சுவரொட்டியானாலும் தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்து, நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் விழுந்திருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். தமக்குப் பிடிக்காத தலைவரின் முகத்தில் வண்ணத்தைக் கலங்கவிடுவதில்லை. அச்சடிக்கிறவரிடம் இருக்கும் இந்தத் தொழில் நாணயத்தை, எழுதுகிறவரிடமும் ஒளிபரப்புகிறவரிடமும் எதிர்பார்ப்பது பேராசை அல்ல. கட்சி அபிமானம் இல்லாத மனிதர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை; அபிமானம் வேலையைக் கெடுக்காத மனிதர் வேண்டும் என்று கேட்கிறோம்.

செய்ய வேண்டியவையும் அப்படியொன்றும் அசாத்தியமானவை அல்ல. அரசியல் கட்சிகளும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் ஒளிபரப்புத் தொழிலில் நுழையக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டு மாதத்திலேயே பரிந்துரை செய்தது. அன்றுமுதல் அப்பரிந்துரை உறங்கிக்கொண்டே இருக்கிறது. அது விழிக்கும் வரையிலாவது, ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் உடைமையாளர் யார், அவருக்கு எந்தக் கட்சியோடு தொடர்பு என்பதைத் தேர்தல் காலத்தில் திரையிலேயே தெரிவிக்க வேண்டும். தாலுகா நிருபர்களில் பலர் நிலையான சம்பளமின்றி, விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். தீபாவளிச் சிறப்பிதழுக்காக எந்த ஆலை முதலாளியின் வாசலில் விளம்பரம் கேட்டு நிற்கிறாரோ, அதே முதலாளியின் உரிமத்தைப் பற்றி அவர் எப்படிக் கேள்வி எழுப்புவார்? அவருக்குச் சம்பளத்தைக் கொடுத்து, விளம்பர வேலையிலிருந்து விடுதலை செய்வதே பத்திரிகா தர்மத்துக்கு முதற்படி. அடுத்து, ஒவ்வொரு வெடிவிபத்தும் நடந்த ஆறாம் மாதத்திலும் ஓராண்டு நிறைவிலும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, இழப்பீடு கைக்கு வந்ததா, அந்த ஆலை வேறு பெயரில் திறந்துவிட்டதா என்று கட்டாயம் எழுத வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர், அவர்களில் உதவிக்கு ஓடியவர்களும் பலர், கருகி மாண்ட நாளிலிருந்து இவ்வழக்கம் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், பின்னால் வந்த பெயர்களில் சிலவாவது பட்டியலில் ஏறாமல் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நமக்குப் பிடித்த தலைவரைத் தாக்கி எழுதினால் பட்சபாதம் என்று கொதிப்பதும், பிடிக்காத தலைவரைத் தாக்கி எழுதினால் துணிச்சல் என்று கொண்டாடுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். அப்பழக்கம் நீடிக்கும் வரையில் ஊடகத்தார் நம் கட்சி அபிமானத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருப்பார்கள். இனி ஒரு பத்திரிகையையோ தொலைக்காட்சியையோ எடை போடும்போது, அது நம் கட்சியை எப்படி நடத்துகிறது என்பதோடு, நம் ஊரை எப்படி நடத்துகிறது என்பதையும் கேட்போம். வர இருக்கும் ஒவ்வொரு தேர்தலிலும், விருதுநகருக்கு ஒலிவாங்கியோடு வருகிற நிருபர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரானாலும், எந்த வேட்பாளருக்கு எவ்வளவு கூட்டம் என்று அவர் கேட்கத் தொடங்கும்போதே, உரிமத்தையும் உள்குத்தகையையும் கூலியையும் பற்றி வேட்பாளரிடம் கேட்டீர்களா என்று நாம் அவரைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை வாங்கி வந்து வெளியிடுகிற பத்திரிகையை, அதன் கொடி எந்த நிறமாயிருந்தாலும், காசு கொடுத்து வாங்குவோம். மற்றதை வாங்காமல் விடுவோம்.